கடல் கடக்குமுன் கணக்குப் பாருங்கள்





நகரங்களில் உள்ள நம் தமிழ்ச் சபைகளின் ஜெப விண்ணப்பச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் சொற்களில் ஒன்று ‘விசா’. துபாய், சவூதி, கத்தார், சிங்கப்பூர், கனடா என்று நாட்டின் பெயர் மாறுமேயன்றி விண்ணப்பம் மாறுவதில்லை. விசா கிடைத்த சகோதரன் முன்னே வந்து சாட்சி சொல்லுகிறான். சபையார் மகிழ்ச்சியோடு கைதட்டுகிறார்கள். அது நல்லதே. ஆனால் விசா கிடைக்காதவன் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்து, தன்னிடத்தில் என்ன குறையோ என்று கலங்குகிறான். போனவன் ஆசீர்வதிக்கப்பட்டவன், இருப்பவன் மறக்கப்பட்டவன் என்னும் எண்ணம் நம்மை அறியாமலேயே நம் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது.

ஆகையால் இம்மாதம் இக்காரியத்தைக் குறித்து நிதானமாய்ச் சிந்திப்போம். வெளிநாடு போவது நல்லதா, சொந்த நாட்டில் இருப்பது நல்லதா என்று கேட்டால் எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. எந்த நோக்கத்துக்காக, எத்தனை ஆண்டுகளுக்காக, என்ன விலை கொடுத்துப் போகிறோம் என்பதைக் குடும்பமாய் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தீர்களா? அந்தத் தாளே உங்களுக்குப் பதில் சொல்லும்.

நாமும் புறப்பட்டு வந்தவர்களே

பிரியமானவர்களே, ஊரைவிட்டுப் புறப்படுவது நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி மும்பைக்கு வந்து தாராவியில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்பத்திரிகையின் வாசகர்களில் உண்டு. கோலார் தங்க வயலில் நிலத்தின் ஆழத்தில் இறங்கி உழைத்த தமிழரின் சந்ததியாரும் உண்டு. 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்தச் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறைகளாய் அதை நம்பியிருந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. அவர்களில் அநேகர் இன்றும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து வேலை செய்து இரவில் வீடு திரும்புகிறார்கள். வேறு மொழி பேசுகிறவர்களின் நடுவே வாழ்வது எப்படியென்று நமக்குத் தெரியும்.

எனினும் நம் தகப்பன்மார் வந்த பயணத்துக்கும் கடல் கடந்த பயணத்துக்கும் பெரிய வேற்றுமை உண்டு. மும்பைக்கு வந்தவர், ஊரில் தாய் இறந்தால் யாரிடமும் அனுமதி கேளாமல் ரயிலேறிப் போகலாம். வேலை பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் வேறு வேலை தேடலாம். ஒரு சிறு அறை கிடைத்ததும் மனைவி பிள்ளைகளை வரவழைத்துக்கொள்ளலாம். வளைகுடா நாட்டுக்குப் போகிற தொழிலாளிக்கு இம்மூன்றும் எளிதல்ல. அவர் தங்கும் உரிமை, வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டிருக்கிறது. கத்தார் 2020-ம் ஆண்டிலும் சவூதி அரேபியா 2021-ம் ஆண்டிலும் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தியது நன்மையே. ஆயினும் நம் நாட்டில் உள்ள சுதந்தரம் அங்கே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாம் இருக்கவேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. 1,200 திர்ஹாம் வாங்குகிற தொழிலாளி எப்போது தன் பிள்ளைகளை அழைத்துக்கொள்வார்?

வெளிநாடு தந்த நன்மைகள்

இப்படிச் சொல்வதால் வெளிநாட்டை வெறுக்கும்படி எழுதுகிறோம் என்று நினைக்கவேண்டாம். தகரக் கூரையின் கீழ் வளர்ந்த குடும்பம் காரை வீட்டுக்குள் குடிபுகுந்ததும், தங்கைமாரின் திருமணம் நடந்ததும், தம்பி பொறியியல் படித்ததும் அநேக வீடுகளில் ஒருவர் பாலைவன வெயிலில் நின்றதால்தான். வெளிநாடுகளில் உள்ளோர் 2023-24-ம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பிய தொகை 118.7 பில்லியன் டாலர் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வு கூறுகிறது. அதில் மகாராஷ்டிரம் பெற்றது 20.5 விழுக்காடு, கேரளம் 19.7, தமிழ்நாடு 10.4. இந்தத் தொகைக்குப் பின்னே எண்ணிறந்த குடும்பங்களின் அடுப்பு எரிகிறது.

பணம் மாத்திரமல்ல, தொழிலும் அங்கே கற்றுக்கொள்ளப்படுகிறது. தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் இல்லாமல் சாரத்தில் ஏறிப் பழகியவர், அவை இல்லாமல் ஏறக்கூடாது என்பதை அங்கே கற்கிறார். பல நாட்டாரோடு ஒரே அறையில் தங்குகிறவர் பொறுமையைக் கற்கிறார். திரும்பி வந்தபின் அந்தப் பயிற்சியைக்கொண்டு இங்கே சொந்தமாய் ஒப்பந்த வேலை எடுத்து நடத்துகிறவர்களும் உண்டு. இவையெல்லாம் மெய்யான ஆதாயங்கள்.

ஒரு வீட்டின் வரவுசெலவு

இப்பொழுது ஒரு தாளை எடுங்கள். ஒரு சகோதரனுக்கு மாதம் 1,200 திர்ஹாம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று கணக்கிட்டால் 27,600 ரூபாய். தங்குமிடம் கம்பெனி கொடுக்கிறது. சாப்பாடு, தொலைபேசி, சோப்பு முதலியவற்றுக்கு 400 திர்ஹாம் போனால், கையில் நிற்பது 800 திர்ஹாம், அதாவது 18,400 ரூபாய். அதில் 10,000 ரூபாயை மனைவிக்கு வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறார். மீதி 8,400 ரூபாய்.

அவர் ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்துப் போயிருக்கிறார். அதை மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். முதல் மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். 8,400 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது 3,900 ரூபாயே. இப்படியே மாதந்தவறாமல் இரண்டு ஆண்டுகள் கட்டினால், அவர் கட்டிய மொத்தத் தொகை 2,01,600 ரூபாய். அப்பொழுதும் கடன் தீர்ந்திராது. ஏறத்தாழ 15,700 ரூபாய் மீதி நிற்கும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து, பெட்டியோடு விமான நிலையத்தில் இறங்குகிற அந்த மனிதர் இன்னும் கடனாளி! இதில் அவர் நோயில் படுத்த நாட்களையும், சம்பளம் தாமதமான மாதங்களையும் நாம் சேர்க்கவில்லை.

அதே மனிதர் சட்டப்படி போயிருந்தால் என்ன? பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்துக்கு அரசு 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, அதன்மேல் ஜி.எஸ்.டி. வரியும் சேர்ந்து 35,400 ரூபாய். அதே மூன்று வட்டிக்கு அந்தத் தொகையைக் கடன் வாங்கியிருந்தாலும் ஐந்தாம் மாதத்தில் கடன் முடிந்துவிடும். மற்றச் சில்லறைச் செலவுகளை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், மீதமுள்ள மாதங்களில் ஏறத்தாழ 1,60,000 ரூபாய் சேர்ந்திருக்கும். சம்பளம் ஒன்றே, வெயில் ஒன்றே, பிரிவும் ஒன்றே. போன வழி மாத்திரம் வேறு. பிரியமானவர்களே, இந்த வேற்றுமையை அறியாமல் எத்தனை தாய்மார் தங்கள் தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள்!

சட்டம் தந்த வேலி

1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் நம் ஏழைத் தொழிலாளரைக் காப்பதற்காகவே இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்பில் தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘இ.சி.ஆர்.’ வகையைச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட அறிவிக்கப்பட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும் என்று சட்டம் வைத்தது. இவ்வழியாய்ப் போகிறவருக்கு வேலை ஒப்பந்தம் பதிவாகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்க் கட்டணத்தில், விபத்தில் மரித்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் வழங்கும் காப்பீடு அது.

இந்த வேலியைத் தாண்டிக் குதிக்கச் சொல்லுகிறவனே உங்கள் முதல் சத்துரு. “முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் போய் வேலை செய்கிறவருக்கு ஒப்பந்தமில்லை, காப்பீடில்லை, புகார் சொல்ல நியாயமுமில்லை. ஏஜென்டின் பதிவு எண்ணை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் சரிபாருங்கள். அவர் நம் சபைக்கு வருகிறவராயிருந்தாலும் சரிபாருங்கள். விசுவாசி என்பதற்காக ரசீது கேட்க வெட்கப்படவேண்டாம். உண்மையுள்ளவர் ரசீது கொடுக்கத் தயங்கமாட்டார்.

படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். 2022-ம் ஆண்டில், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிச் சென்ற இந்திய வாலிபர்கள் எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டார்கள். இணையதளத்தின் வழியாய் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2025-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாத்திரம் இப்படிச் சிக்கிய 549 இந்தியர் விமானப்படை விமானங்களில் தாய்லாந்திலிருந்து திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். நேர்முகத் தேர்வு பெயரளவில் முடிந்து, சம்பளம் மாத்திரம் மிகப் பெரியதாய்ச் சொல்லப்பட்டால், அங்கே பயப்படவேண்டும்.

சட்டப்படி போனாலும் ஆபத்து இல்லையென்று சொல்லமுடியாது. 1990-ம் ஆண்டு ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானங்களில் தாயகம் திரும்பினார்கள். வருஷக்கணக்கான சேமிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. 2024-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் 45 இந்தியரின் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. அவர்களில் எழுவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தங்குமிடம் எப்படிப்பட்டது, ஓர் அறையில் எத்தனைபேர், வெளியேறும் வழி எங்கே என்று கேட்பதும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைப்போலவே அவசியம்.

தாளில் எழுதமுடியாத செலவு

ரூபாயில் எழுதக்கூடியவற்றை எழுதிவிட்டோம். எழுதமுடியாதது ஒன்று உண்டு. பத்து வயது மகனை விட்டுப் போகிற தகப்பன் இரண்டு இரண்டு ஆண்டாய் நான்கு ஒப்பந்தம் முடித்துத் திரும்பும்போது மகனுக்குப் பதினெட்டு வயது. மீசை முளைத்த அந்த முகத்தை அவர் கைப்பேசித் திரையில் பார்த்திருக்கிறார். அருகில் இருந்து பார்த்ததில்லை. பள்ளியில் தலைமையாசிரியர் தகப்பனை அழைத்துவரச் சொன்ன நாளில் தாய் தனியாய்ப் போனாள். மாமியாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் பத்துக்குப் பத்து அறையிலிருந்து ஆட்டோ தேடி ஓடினவளும் அவளே. “அவருக்கென்ன, வெளிநாட்டில் சம்பாதிக்கிறார்” என்று அக்கம்பக்கத்தார் சொல்லுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

சில குடும்பங்கள் இதையும் தாங்கி நன்றாய் நிலைத்திருக்கின்றன. எப்படி? “மூன்று ஆண்டு, இந்தக் கடன், இந்த வீடு, அவ்வளவே” என்று முன்னதாகவே எல்லை குறித்துக்கொண்டவர்கள் அவர்கள். எல்லை குறிக்காத வீட்டில் ஒரு தேவை முடியுமுன் அடுத்த தேவை பிறக்கிறது. வீடு முடிந்தால் மாடி, மாடி முடிந்தால் கார். தகப்பனின் வருகை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் தள்ளிப்போகிறது.

இருப்பது தோல்வியல்ல

நம் மக்கள் இக்காரியத்தை விசுவாசத்தோடு இணைத்துப் பேசுகிறபடியால் வேதத்திலிருந்தும் இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்வோம். தேசத்தில் பஞ்சம் வந்தபோது, ஈசாக்கு எகிப்துக்குப் போகாமல் கேராரிலேயே தங்கும்படி கட்டளை பெற்றான். அங்கே விதைத்தான், கிணறு தோண்டினான். ஊரார் வழக்காடினபோது இன்னொரு கிணறு தோண்டினான். வேறொரு பஞ்சத்தில் எலிமெலேக்கு பெத்லகேமை விட்டுக் குடும்பத்தோடு மோவாபுக்குப் போனான். வேதம் அவனைக் குற்றப்படுத்தவில்லை. ஆனால் நகோமி கணவனையும் இரண்டு குமாரரையும் அங்கே அடக்கம்செய்துவிட்டுத் திரும்பினாள். அந்தப் பயணத்திலிருந்தே ரூத்தும் வந்தாள். ஆகவே போவதே ஆசீர்வாதம் என்றும், இருப்பதே ஆசீர்வாதம் என்றும் ஒரு சட்டத்தை நாம் உண்டாக்க வேதத்தில் இடமில்லை.

இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. ஈசாக்கு கிணறு தோண்டினான். விசாவை எதிர்பார்த்தே ஐந்து ஆண்டுகளை வீணாக்கிய வாலிபர்கள் நம் நடுவே உண்டு. ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் இங்கே என்ன செய்யலாம் என்று யோசித்தீர்களா? பத்தாம் வகுப்பில் நின்றுபோனவர் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாய்த் தேர்வு எழுதலாம். ஐ.டி.ஐ.யில் மின்பணியோ குளிர்சாதனப் பணியோ கற்கலாம். கனரக வாகன ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம். வாழ்கிற மாநிலத்தின் மொழியை எழுதப் படிக்கக் கற்கலாம். அது கடையிலும் அலுவலகத்திலும் உங்களுக்குக் கதவைத் திறக்கும். இவற்றைச் செய்தவர் பின்பு வெளிநாடு போனாலும் உதவியாள் வேலைக்கல்ல, தொழில் தெரிந்தவருக்குரிய வேலைக்கே போவார், இ.சி.ஆர். முத்திரையும் நீங்கியிருக்கும்.

படிப்புக்காகப் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோரும் இப்படியே விசாரிக்கவேண்டும். கனடா, மாணவர் கையில் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 2024-ம் ஆண்டு ஜனவரி முதல் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஒரே அடியில் உயர்த்தியது. இது கல்விக் கட்டணம் நீங்கலான தொகை. ஊரிலுள்ள நிலத்தை விற்று அனுப்புமுன், அந்நாட்டின் விதி நடுவழியில் மாறினால் நாம் தாங்குவோமா என்று கேட்டுப் பாருங்கள்.

குடும்பமாய் உட்கார்ந்து விடை எழுதுங்கள்

1. எந்த ஒரு காரியத்துக்காகப் போகிறோம்? கடனா, வீடா, மகளின் படிப்பா? அதற்கு வேண்டிய தொகை எவ்வளவு?

2. எத்தனை ஆண்டு? திரும்பும் ஆண்டை இப்பொழுதே எழுத முடியுமா?

3. எல்லாச் செலவும் போக மாதம் எவ்வளவு வீடு வந்து சேரும்? இங்கேயே கிடைக்கும் வேலையில் அது எவ்வளவு?

4. அனுப்பும் பணம் யாருடைய கணக்கில் சேரும்? மனைவியின் பெயரில் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா?

5. வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது யார்?

6. திரும்பி வந்தபின் என்ன தொழில் செய்வோம்?

இந்த ஆறுக்கும் கணவனும் மனைவியும் ஒரே விடையை எழுதினால் தைரியமாய்ப் போங்கள். ஒப்பந்தத்தின் நகல், பாஸ்போர்ட் நகல், கம்பெனியின் முகவரி, அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். விமான நிலையத்தில் யாராவது கொடுக்கும் பொட்டலத்தை, தெரிந்தவர் கொடுத்தாலும், பிரித்துப் பாராமல் கொண்டுபோகாதிருங்கள். விடைகள் பொருந்தாவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொறுத்திருங்கள். வேறொரு வாய்ப்பு வரக்கூடும். தவறான கையில் கொடுத்த பணமோ எளிதில் திரும்புவதில்லை.

சபைகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு சகோதரனை ஜெபித்து வழியனுப்பினோமானால் அவன் வீட்டை மறந்துவிடக்கூடாது. அவன் மனைவிக்கு வங்கிக்குத் துணையாய்ப் போக மூத்த சகோதரி ஒருவர், அவன் மகனுக்குப் பாடத்தில் உதவ வாலிபன் ஒருவன் இருந்தால் பாதிப் பாரம் குறையும். அதைப்போலவே, இந்நகரத்திலேயே இருந்து பெற்றோரைத் தாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கடனில்லாமல் குடும்பம் நடத்துகிற சகோதரனும் ஒருநாள் முன்னே வந்து சாட்சி சொல்லட்டும். அவனுக்காகவும் சபை கைதட்டட்டும்.

போகிறவர்கள் நலமாய்ப் போய்த் திரும்புவார்களாக. இருக்கிறவர்கள் தங்கள் கிணற்றைத் தோண்டுவார்களாக. அடுத்த மாதம் சந்திப்போம்.